வாசனைக்கு மூடிய ஜன்னல்

பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். மாடியிலிருந்து இறங்கி வந்த நான் முதலில் பார்த்தது இரண்டு குதிகால்களை. தரையில் படிந்திருந்த வெள்ளைத் தூளில் இரண்டு கோடுகளை இழுத்தபடி அவை பின்கதவு வழியாக வெளியே நகர்ந்துகொண்டிருந்தன.

குதிகால்கள் தேவகியுடையவை. அவளுடைய அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்து, குனிந்து, பின்பக்கமாக நடந்து இழுத்துக்கொண்டிருந்தவர் பாக்கியம்.

"பாத்துக்கினு நிக்கிறீங்களே சார்! காலப் புடிங்க!"

பிடித்தேன். கால் சில்லென்று இருந்தது. இருவருமாகத் தூக்கி முற்றத்துக் குழாயடியில் கிடத்தினோம். பாக்கியம் தேவகியின் கன்னத்தில் அறைந்தார். ஓங்கித்தான் அறைந்தார்.

"ஏய், தேவகி! கண்ணத் தொறடி! தூங்காதடி!"

திறந்து கிடந்த கதவுக்கு அப்பால் ஓர் ஊசிச் சிரிஞ்சு தரையில் கிடந்தது. அதில் பாதி அளவுக்குத் தெளிந்த திரவம் இருந்தது. அறையிலிருந்து இனிப்பான வாசனை வந்தது. அதிகம் கனிந்துபோன பழத்தில் கொஞ்சம் மருந்து கலந்ததுபோல.

கள்ளக்குறிச்சியில் அந்த வீட்டு மாடியில் நான் நாளிதழ் நிருபராகக் குடியிருந்த காலம் அது. கீழே முன்பக்கம் கடை. பின்னால் குறுகிய முற்றம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் பாக்கியத்தின் ஒற்றை அறை வீடு. கடையின் ஜன்னல் அவருடைய வாசலைப் பார்த்து இருந்தது. நடந்ததற்கெல்லாம் காரணம் அந்த ஜன்னல்தான்.

ஒட்டுவதல்ல, உருக்குவது

கடை செல்வமணியுடையது. அக்ரிலிக் என்னும் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் ஷீட்டை எழுத்துகளாக அறுத்துப் பெயர்ப்பலகை செய்பவர். அறுப்பது அவர் வேலை; தரையில் படிந்திருந்த வெள்ளைத் தூள் அதில் விழுந்தது. ஒட்டுவது மனைவி தேவகியின் வேலை. "எனக்குக் கை நடுங்கும் சார். அவளுக்குக் கோவம் வந்தாக்கூட கை நடுங்காது" என்பார்.

ஊர் தனி மாவட்டத்தின் தலைநகரான பிறகு அவர்களுக்கு வேலை குவிந்தது. கடைப் பலகைகளில் 'விழுப்புரம் மாவட்டம்' என்றிருந்த வரியை எல்லோரும் எடுக்கச் சொன்னார்கள். எழுத்தை மட்டும் பெயர்த்துக் கொடுத்தால் போதும் என்று நினைத்து வந்தவர்களுக்குச் செல்வமணி பொறுமையாக விளக்குவார்: எழுத்து வராது, பலகைதான் உடையும்.

அதற்குக் காரணம் சிரிஞ்சில் இருந்த அந்தத் திரவம். மெத்திலின் டைகுளோரைடு என்பது பெயர். கடையில் எம்.டி.சி. என்று கேட்டால் கொடுப்பார்கள். பார்வைக்குத் தண்ணீர். கையில் பட்டால் முதலில் சில்லென்று இருக்கும், பிறகு எரியும். அது பசை இல்லை. இரண்டு அக்ரிலிக் விளிம்புகளைச் சேர்த்து வைத்து, நடுவே இதை ஓடவிட்டால் இரண்டு பரப்பும் லேசாக இளகி ஒன்றுக்குள் ஒன்று கரையும். திரவம் ஆவியாகிப் போய்விடும். மிஞ்சுவது ஒரே துண்டு.

தேவகி ஒட்டுவதைப் பார்த்திருக்கிறேன். சேர்த்து வைத்த விளிம்பில் வெளிச்சம் பட்டு ஒரு வெள்ளிக்கோடு தெரியும். ஊசி முனையை மூலையில் வைத்து மெல்ல அழுத்துவாள். திரவம் இடுக்கில் தானாகவே இழுபட்டு ஓடும். ஓட ஓட வெள்ளிக்கோடு மறையும். கோடு எங்கே நிற்கிறதோ அங்கே காற்று இருக்கிறது என்று அர்த்தம்.

"எங்க கல்யாணத்துக்கு இவ்ளோ செலவு ஆயிருக்க வேணாம் சார். ரெண்டு சொட்டு எம்.டி.சி. வுட்டிருந்தா போதும்" என்றார் செல்வமணி ஒருநாள்.

"ஆமா, பிரிக்கணும்னா ரெண்டையும் ஒடைக்கணும். அதுக்குத்தான் பொறுத்துக்கினு இருக்கேன்" என்றாள் தேவகி, கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மலையிலிருந்து வந்த ஆர்டர்

மீன்தொட்டி கேட்டு வந்தவர் கல்வராயன் மலையில் ஒரு பள்ளியின் அறிவியல் ஆசிரியை. பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடையில் பிள்ளைகள் பிடிக்கும் சிறு மீன்களை வகுப்பறையில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. கண்ணாடித் தொட்டி ஒன்றை வாங்கி ஏற்றியிருக்கிறார். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை தொடங்கி, மூன்றாவது வளைவிலேயே அது விரிசல் விட்டுவிட்டது.

"ஒடையாத தொட்டி வேணும்மா. பிள்ளைங்க சாஞ்சு நிப்பாங்க."

கண்ணாடித் தொட்டியை சிலிகானால் ஒட்டுவார்கள். அக்ரிலிக்கில் சிலிகான் நிற்காது. நாளடைவில் தோல்போல உரிந்துவிடும். உருக்கித்தான் சேர்க்க வேண்டும். செல்வமணி தயங்கினார். அவர்கள் அதுவரை தொட்டி செய்ததில்லை.

தேவகி ஒப்புக்கொண்டாள். அவளுக்குப் பெயர்ப்பலகை அலுத்திருந்தது என்று நினைக்கிறேன். அன்று மாலை என்னிடம் சொன்னாள்: "போர்டுல ஒரு எழுத்து உழுந்தா திருப்பி ஒட்டிக்கலாம் சார். தொட்டி புட்டுக்கினா மீனு செத்துப்பூடும். அதான் பயமாவும் இருக்குது, ஆசையாவும் இருக்குது."

வீணான துண்டுகளில் முதலில் கைக்கு அடங்கும் அளவில் ஒரு சின்னத் தொட்டி செய்தாள். அது ஒழுகவில்லை. அதில் ஒரு வாரம் தண்ணீர் வைத்து, கடை வாசலில் போவோர் வருவோரிடம் எல்லாம் காட்டினாள். அடுத்தது, நாலடி நீளத்தில் பெரியது.

பாக்கியத்தின் வாசல்

எங்கள் ஊர்ப் பெயரை நாடு முழுவதும் சொன்ன வருஷம் ஒன்று உண்டு. கள்ளச்சாராயம் குடித்துச் செத்தவர்களால் சொன்னது. அந்த நாட்களை நானும் எழுதினேன். எந்த மரத்தடியில் பிணம் வைத்த ஐஸ் பெட்டிகள் எத்தனை இருந்தன என்று எழுதினேன். இங்கே அதைத் திரும்ப எழுதப் போவதில்லை.

பாக்கியத்தின் கணவர் அதில் போனார். மூட்டை தூக்கும் வேலை பார்த்தவர். அதற்குப் பிறகுதான் பாக்கியம் அந்தப் பழைய தெருவை விட்டு இந்த ஒற்றை அறைக்கு வந்தார். கரும்பு வெட்டுக்குப் போவார். வெட்டு இல்லாத நாளில் பாத்திரம் தேய்க்கப் போவார். நாலைந்து கோழிகள் வைத்திருந்தார். நான் நிருபர் என்று தெரிந்ததால் ஆரம்பத்தில் என் முகத்தைப் பார்க்க மாட்டார்.

அந்த வருஷத்துக்குப் பிறகு ஊரில் சில பழக்கங்கள் வந்தன. தெளிந்த திரவம் எதையும் பெயர் எழுதாமல் யாரும் வைப்பதில்லை. தேவகி எம்.டி.சி. கேனில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி போட்டு, கீழே 'விஷம்' என்றும் எழுதியிருந்தாள். பேட்டரித் தண்ணீர் விற்கும் கடையில்கூடப் பெயர் எழுதி ஒட்டியிருப்பார்கள்.

அப்படிப்பட்ட ஊரில், பாக்கியத்தின் வாசலுக்கு நேராக அந்த ஜன்னல் திறந்திருந்தது.

குடிவந்த இரண்டாம் நாளே அவர் முற்றத்தில் நின்று கேட்டார். "இன்னாடி வாசன இது?"

"போர்டு ஒட்ற மருந்துக்கா."

"அவரு சட்டையில இப்பிடித்தான் வந்துது. இனிப்பா."

அந்தச் சாராயத்தில் இருந்ததும் இதுவும் வேறு வேறு பொருள். வாசனையும் ஒன்றல்ல. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. தேவகி எழுந்து போய் ஜன்னலின் இரண்டு கதவுகளையும் சாத்தினாள். அன்றிலிருந்து ஒட்டும் வேலை நடக்கும்போதெல்லாம் ஜன்னல் சாத்தியே இருந்தது. பாக்கியம் அதைக் கேட்கவில்லை. அவர் கேட்காமலேயே அவர்கள் செய்தார்கள்.

"பாவம்ங்க. சோத்துல கை வச்சிக்கினு இருப்பாங்க, வாசன வந்தா அப்பிடியே எந்திரிச்சிடுவாங்க" என்றாள் தேவகி என்னிடம்.

ஈரச்சாக்கு

ஜன்னலைச் சாத்திய பிறகும் பின்கதவின் அடி இடுக்கு வழியாக வாசனை முற்றத்துக்குப் போயிற்று. அதனால் ஒரு சாக்கை நனைத்து, சுருட்டி, இடுக்கில் அடைத்தார்கள். அதுவும் பாக்கியத்துக்காகத்தான்.

இந்தத் திரவத்தின் ஆவி காற்றைவிடக் கனமானது. புகைபோல மேலே போகாது. தண்ணீர்போலக் கீழே இறங்கித் தரையில் பரவி நிற்கும். வெளியே போக வழி தேடினால் கதவின் அடி இடுக்கில்தான் போகும். சாக்கு அடைத்தது சரியாக அந்த இடத்தை.

பலகை வேலையில் இது பெரிதாகப் பாதிக்கவில்லை. மேசைமேல் வைத்து ஒட்டுவார்கள். ஓர் எழுத்துக்கு நாலைந்து சொட்டுதான். கடையின் முன்பக்க ஷட்டரும் திறந்திருக்கும்.

தொட்டிக்கு எல்லாம் மாறியது. நாலடிப் பலகை மேசையில் நிற்கவில்லை, தரையில் வைத்தார்கள். தேவகி சம்மணம் போட்டுத் தரையில் உட்கார்ந்தாள். தெருப் புழுதி விளிம்பில் ஒட்டினால் தொட்டி ஒழுகும் என்று ஷட்டரை இறக்கிவிட்டார்கள். மின்விசிறி ஓடினால் திரவம் இடுக்கில் இறங்கும் முன்பே காய்ந்து கொப்புளம் விடும். ஆகவே அதையும் நிறுத்தினார்கள். போதாததற்கு அது மழைக்காலம். ஈரக்காற்று பட்டால் ஒட்டிய இடம் பால்போல வெளுக்கும். அடைத்து வைப்பதற்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. எல்லாம் சேர்ந்து அந்த அறையை ஒழுகாத ஒரு தொட்டியாக்கியிருந்தன. தேவகி அதன் அடியில் உட்கார்ந்திருந்தாள்.

பாதுகாப்புக்கு என்று கொரோனா காலத்து நீலநிற முகமூடியைப் போட்டிருந்தாள். மெல்லிய மருத்துவமனைக் கையுறையும் போட்டிருந்தாள். அந்த முகமூடி தூசியைத்தான் தடுக்கும், ஆவியை அல்ல. கையுறையைத் திரவம் சற்று நேரத்தில் ஊடுருவிவிடும். இவையெல்லாம் பிறகு தெரிந்துகொண்டவை.

அன்று செல்வமணி சின்னசேலத்தில் ஒரு கடைக்குப் பலகை மாட்டப் போயிருந்தார். தொட்டியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு பக்கம்.

குறட்டை

தேவகியைக் குழாயடியில் கிடத்தியபோது அவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. பாக்கியம் தண்ணீர் அடித்தார், அறைந்தார், மறுபடி தண்ணீர் அடித்தார். நான் தெருமுனைக்கு ஓடி ஆட்டோவை அழைத்து வந்தேன்.

ஆட்டோவில் தேவகியின் தலை பாக்கியத்தின் மடியில் இருந்தது. அப்போதுதான் கேட்டேன், எப்படித் தெரிந்தது என்று.

பாக்கியம் என்னைப் பார்க்கவில்லை. தேவகியின் முகத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"கோழிக்குத் தீனி போட்டுக்கினு இருந்தேன். சன்னலாண்ட கொறட்டை கேட்டுது. இவ பகல்ல தூங்க மாட்டா. வேல செய்யச் சொல்ல பாடிக்கினே இருப்பா, இல்லன்னா புருசன வைஞ்சிக்கினு இருப்பா. கொறட்டை வுட மாட்டா."

ஆட்டோ கடைவீதி நெரிசலில் நின்றது. டிரைவர் ஹாரனை விடாமல் அடித்தார்.

"அவரும் அன்னிக்கு இப்பிடித்தான் கொறட்டை வுட்டாரு. குடிச்சிட்டு வந்தா தூங்குவாரு. தூங்கட்டும், காலையில பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்."

தேவகியின் கன்னத்தை மறுபடி தட்டினார். இம்முறை மெதுவாக.

"குடிச்சாங்களா?"

மருத்துவமனையில் அவசரப் பிரிவு வாசலில் நின்ற செவிலியர் என் கையிலிருந்த கேனைத்தான் முதலில் பார்த்தார். டாக்டர் கேட்பார் என்று எடுத்து வந்திருந்தேன். தெளிந்த திரவம், சிவப்புப் பெருக்கல் குறி. அவர் முகம் மாறியது.

"குடிச்சாங்களா? யாரு யாரு குடிச்சீங்க? இன்னும் எத்தன பேரு?"

"குடிக்கல. மூச்சுல இழுத்தது" என்றேன்.

"எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவாங்க." உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். ஸ்ட்ரெச்சர் வருவதற்குள் ஒரு போலீஸ்காரரும் வந்துவிட்டார்.

பாக்கியம் போலீஸ்காரரை விலக்கிக்கொண்டு முன்னே போனார். "குடிச்சவங்க எப்பிடி இருப்பாங்கன்னு எனக்குத் தெரியும்ங்க. இவ குடிக்கல. ஒட்ற மருந்து. ரூமு சாத்தி இருந்துது. மொதல்ல காத்து குடுங்க."

பணியில் இருந்தது இளம் பெண் டாக்டர். கேனின் லேபிளை நின்றபடியே படித்தார். உடனே ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். தேவகி அரைமணி நேரத்தில் கண் விழித்து வாந்தி எடுத்தாள். தலை பிளக்கிறது என்றாள். வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள்.

"இப்ப அனுப்ப முடியாது" என்றார் டாக்டர். அதற்குள் செல்வமணி வந்துவிட்டிருந்தார், ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அவரிடம் டாக்டர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "இது உள்ள போனா உடம்பு இதை கார்பன் மோனாக்சைடா மாத்தும். கரி அடுப்பை மூட்டிட்டு ரூமைச் சாத்திட்டுப் படுத்தா ஆளைக் கொல்லுமே, அந்த வாயு. வெளிய தூக்கிட்டு வந்த பிறகும் கொஞ்ச நேரம் ரத்தத்துல ஏறிட்டே இருக்கும். இன்னும் கால் மணி நேரம் விட்டிருந்தா நான் பார்த்திருக்க வேண்டிய இடமே வேற."

செல்வமணி, "ஜன்னலு சாத்தி வச்சிருந்தோம் மேடம்" என்றார்.

"எதுக்கு?"

அவர் வெளியே திரும்பிப் பார்த்தார். நடைபாதையில் சுவரோரம் பாக்கியம் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும்.

"இருக்கேன்க்கா"

தேவகி வீடு திரும்பிய மறுநாள் செல்வமணி ஆசிரியைக்குப் போன் செய்து ஆர்டரை விட்டுவிடுவதாகச் சொன்னார். தேவகி அவர் கையிலிருந்து போனை வாங்கி, "கொஞ்சம் லேட்டாவும் டீச்சர். ஆனா தந்துடுவோம்" என்றாள்.

"செத்துப் பொழச்சவ பேசுற பேச்சாடி இது?"

"மூணு பக்கம் ஒட்டியாச்சு. நாலாவத தூக்கிப் போடச் சொல்றியா?"

சண்டை முற்றத்தில் நடந்தது. பாக்கியம் தன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கடைக்குள் போனார். குடிவந்ததிலிருந்து, தேவகியை இழுத்து வந்த அன்று தவிர, அவர் அதற்குள் கால் வைத்ததில்லை. ஜன்னலின் கொக்கியை நீக்கி இரண்டு கதவுகளையும் தள்ளித் திறந்தார்.

"தொறந்து வச்சே செய்யிங்க."

"வாசன வரும்க்கா."

"வந்தா வரட்டும். கொறட்டைக்கு அது தேவல."

அதற்குப் பிறகு வேலை முறை மாறியது. செல்வமணி மரக்கட்டைகளை அடுக்கி இடுப்பு உயரத்துக்கு ஒரு மேடை செய்தார். தரையோடு ஒட்டிய உயரத்தில் சுவரில் ஓட்டை போட்டு, காற்றை வெளியே தள்ளும் விசிறி ஒன்றை வைத்தார். விசிறி தேவகிக்குப் பின்னாலிருந்து இழுக்காமல், அவளுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து இழுக்கும்படி பார்த்துக்கொண்டார். எம்.டி.சி. கேன் வெளியே இருக்கும். ஒரு மூலைக்கு வேண்டியதை மட்டும் சிறு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி உடனே மூடுவார்கள். மழை பெய்யும் நாளில் ஒட்டும் வேலையே கிடையாது. வெயில் வந்தால்தான். ஒட்டும்போது வீட்டில் இன்னொருவர் இருக்க வேண்டும் என்பது செல்வமணி போட்ட விதி. தான் இல்லாத நாளில் அந்த இன்னொருவர் யார் என்று அவர் சொல்லவில்லை.

பாக்கியம் முற்றத்தில் பாத்திரம் தேய்ப்பார், கோழிக்குத் தண்ணீர் வைப்பார், துணி அலசுவார். முந்தானையை மூக்கில் சுற்றியிருப்பார். அவ்வப்போது குரல் கொடுப்பார்.

"இன்னாடி?"

"இருக்கேன்க்கா."

மாடியில் செய்தி தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது இந்த இரண்டு குரல்களும் எனக்குக் கேட்கும். பதில் வரச் சற்றுத் தாமதமானால் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். ஒருமுறை தேவகி வேண்டுமென்றே சும்மா இருந்து பார்த்தாள். பாக்கியம் உள்ளே போய் அவள் முதுகில் வைத்த அடியின் சத்தம் மாடிக்குக் கேட்டது.

"வெளையாட்டா உனுக்கு? எதுல வெளையாடுறதுன்னு இல்ல?"

அடுத்த தடவை பதில் உடனே வந்தது.

நாலாவது பக்கத்தில் அன்று பாதியில் நின்ற கோடு அப்படியே இருந்தது. ஒரு பாதி தெளிவு, மறு பாதி வெள்ளி. இரண்டும் சந்தித்த இடத்தில் கட்டைவிரல் அளவுக்குப் பால்நிற வெளுப்பு. மறுபடி திரவம் விட்டால் அந்த இடம் சேராது. செல்வமணி அந்த விளிம்பு முழுவதையும் அறுத்து எடுத்து, தேய்த்து, புதிதாகச் சேர்க்கக் கொடுத்தார். தொட்டி கேட்ட அளவைவிடக் கொஞ்சம் குட்டையானது.

ஒட்டி முடித்ததும் தண்ணீர் ஊற்றவில்லை. வாசனை முழுவதும் போகும்வரை மாடியில் என் அறைக்கு வெளியே நிழலில் வைத்திருந்தார்கள். பிறகு நிரப்பினார்கள், கொட்டினார்கள், மறுபடி நிரப்பினார்கள். மூலைகளில் தேவகி காகிதத்தை வைத்து வைத்து எடுத்துப் பார்த்தாள். காகிதம் நனையவில்லை. பாக்கியமும் ஒருநாள் மாடிக்கு ஏறி வந்தார். தொட்டிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துப் பார்த்தார். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஒரு குட்டி யானை வண்டியில் கம்பளி சுற்றி அதை மலைக்கு ஏற்றினோம். நானும் போனேன். வெள்ளிமலைக்கு மேலே மூடுபனி இருந்தது. வளைவுகளில் தேவகி வண்டியின் பின்னால் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் ஓடைக் கல்லையும் மணலையும் கழுவிப் போட்டார்கள். அன்றே மீன் விடவில்லை. சில நாட்கள் தண்ணீர் நிற்கட்டும் என்றார் ஆசிரியை. மீன் விட்ட பிறகு ஒரு வீடியோ அனுப்பினார். விரல் நீள மீன்கள், மணல் நிறம். தேவகி அதைப் பாக்கியத்திடம் காட்டினாள்.

"இது இன்னா, சாப்புடற மீனா?"

"பாக்குற மீனுக்கா."

"பாக்குறதுக்கா இந்தப் பாடு!"

அதன் பிறகு இரண்டு மூன்று தொட்டிகளுக்கு ஆர்டர் வந்தது. எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. போன மாதம் ஒரு வேலையாகக் கள்ளக்குறிச்சி போனபோது பழைய வீட்டுக்கும் போனேன். மாடிப்படியில் நின்று முற்றத்தைப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கதவுகள் இல்லை; சட்டம் மட்டும் இருந்தது. கீலோடு கழற்றிய அந்த இரண்டு பலகைகளும் பாக்கியத்தின் கோழிக்கூண்டுக்குக் கூரையாகக் கிடந்தன.